மெல்லிய குரோனோகிராஃப் கைக்கடிகாரம்

குரோனோகிராஃப் என்பது நேரம் காட்டுவதோடு, பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து கழியும் நேரத்தையும் தனியாக அளந்து காட்டும் கடிகாரம் ஆகும். மின்கலம் இல்லாமல், முறுக்கப்பட்ட சுருள்வில்லின் விசையால் மட்டும் ஓடும் குரோனோகிராஃப் கைக்கடிகாரங்களில் இன்று விற்பவை பெரும்பாலும் 13 முதல் 15 மி.மீ. வரை தடிமன் கொண்டவை. நேரம் மட்டும் காட்டும் சாதாரண இயந்திரக் கடிகாரம் ஏறத்தாழ 10 மி.மீ. அளவில் முடிந்துவிடுகிறது. இந்த மூன்று நான்கு மில்லிமீட்டர் தாளில் சிறியதாகத் தெரியும். கையில் கட்டினால் அப்படி இராது. முழுக்கைச் சட்டையின் பட்டி கடிகாரத்தின் மேல் ஏறாது, கதவு நிலையில் இடிபடும், கையைத் தொங்கவிட்டால் கடிகாரம் ஒரு பக்கமாகச் சரியும்.

இவை விலை மிகுந்த பொருள்கள். வாங்குவோரில் பலர் வாழ்நாளில் ஒரு முறை சேமித்து வாங்குபவர்கள். கையில் கட்டிப் பார்க்க வழியின்றி, படத்தையும் அளவுகளையும் மட்டும் நம்பி இணையத்தில் வாங்குபவர்களும் உண்டு. தயாரிப்பாளர் அறிவிக்கும் தடிமன் என்னும் ஒற்றை எண் அவர்களுக்கு முழு உதவி செய்வதில்லை. ஒரே தடிமன் கொண்ட இரண்டு கடிகாரங்களில் ஒன்று மணிக்கட்டோடு ஒட்டி மெலிதாகவும், மற்றது தூக்கிக்கொண்டு தடித்தும் தெரிவது வழக்கமாக நடக்கிறது. காரணத்தை அறிய, கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரும் வேலையும்

கிரேக்க மொழியில் ‘குரோனோஸ்’ என்றால் காலம். ‘கிராஃபோ’ என்றால் எழுதுதல். 1821இல் பாரிசில் நடந்த குதிரைப் பந்தயங்களை அளக்க நிக்கோலா ரியூசெக் செய்த கருவி உண்மையிலேயே காலத்தை எழுதியது. ஒவ்வொரு குதிரையும் எல்லையைக் கடக்கும்போது, சுழலும் முகப்பின் மேல் அது ஒரு மைப்புள்ளி இட்டது. எழுதுவது நின்று வெகுகாலம் ஆகியும் பெயர் நிலைத்துவிட்டது. ரியூசெக்கிற்கு முன்பே, 1816இல், லூயி முவானே என்பவர் விண்மீன்களின் நகர்வை அளக்க, நொடியின் அறுபதில் ஒரு பங்கு வரை காட்டும் கருவி ஒன்றைச் செய்து முடித்திருந்தார். இது 2013இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

இயந்திரக் குரோனோகிராஃபில் இரண்டு வேலைகள் ஒரே சுருள்வில்லைப் பகிர்ந்துகொள்கின்றன. நேரம் காட்டும் சக்கரங்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அளக்கும் சக்கரங்கள் சும்மா நிற்கும். மேல் பொத்தானை அழுத்தினால் ஒரு கிளட்ச் இரண்டையும் இணைக்கிறது. நடுவில் உள்ள நீண்ட நொடிமுள் ஓடத் தொடங்குகிறது. மீண்டும் அழுத்தினால் இணைப்பு விடுபட்டு முள் நிற்கிறது. கீழ்ப் பொத்தான் முள்ளைச் சுழிக்குத் திருப்புகிறது.

சுழிக்குத் திருப்பும் முறை எளிமையும் அழகும் கொண்டது. நொடிமுள்ளின் அச்சில் இதய வடிவத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஒரு சிறிய சுத்தியல் அதன் விளிம்பில் வந்து அழுத்தும். தகடு எந்த நிலையில் நின்றிருந்தாலும், அழுத்தத்துக்கு இணங்கி வழுக்கிச் சுழன்று, இதயத்தின் பள்ளம் சுத்தியலுக்கு நேராக வந்தால்தான் நிற்கும். அந்த இடத்தில் முள் சரியாக 12ஐக் காட்டும்படி பொருத்தியிருப்பார்கள். அடோல்ஃப் நிக்கோல் என்பவர் 1844இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு இன்றைய கடிகாரங்களிலும் அடிப்படை மாறாமல் இருக்கிறது. இதயத் தகடு, சுத்தியல், கிளட்ச், பொத்தானின் கட்டளையை முறைப்படுத்தும் தூண் சக்கரம் அல்லது கேம், நிமிடங்களை எண்ணும் சக்கரம் ஆகிய அனைத்தும் ஏற்கெனவே முழுமையாக இருக்கும் ஒரு கடிகாரத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். தடிமன் அங்கேதான் தொடங்குகிறது.

அடுக்கு மேல் அடுக்கு

கடிகாரத்தின் உள்ளே இருக்கும் முழு இயந்திரத்தை இக்கட்டுரை இயக்கப்பொறி என்று குறிக்கிறது. பழுது பார்க்கும் கடைகளில் இதை ‘மிஷின்’ என்பார்கள்.

குரோனோகிராஃப் இயக்கப்பொறி இரண்டு வழிகளில் உருவாகிறது. முதல் வழியில், ஏற்கெனவே உள்ள மெல்லிய இயக்கப்பொறி ஒன்றின் மேல் அளக்கும் பகுதியைத் தனித் தொகுதியாகப் பொருத்துகிறார்கள். நேரம் மட்டும் காட்டும் ஈடிஏ 2892 இயக்கப்பொறியின் தடிமன் 3.6 மி.மீ.; அதன்மேல் குரோனோகிராஃப் தொகுதி ஏறிய ஈடிஏ 2894இன் தடிமன் 6.1 மி.மீ. அளக்கும் பகுதிக்கு மட்டும் இரண்டரை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. இரண்டாம் வழியில், முதலிலிருந்தே குரோனோகிராஃபாக வடிவமைத்து இரு பகுதிகளையும் பின்னிப் பிணைத்துவிடுகிறார்கள். இதனை ஒருங்கிணைந்த இயக்கப்பொறி என்பர். ஒருங்கிணைந்தது மெலிதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது எப்போதும் உண்மையல்ல. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் ஒருங்கிணைந்த குரோனோகிராஃபான வால்ஜூ 7750இன் தடிமன் 7.9 மி.மீ.; தொகுதி ஏற்றிய 2894 அதைவிட மெலிந்தது.

வெளியிலிருந்தே ஓரளவு இவ்விரண்டையும் பிரித்தறியலாம். தொகுதி ஏற்றிய கடிகாரங்கள் பலவற்றில் சாவித்திருகும் இரண்டு பொத்தான்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் பொத்தான்கள் மேலே, திருகு கீழே எனத் தெரியும். தேதி காட்டும் வளையம் கீழே உள்ள அடிப்படை இயக்கப்பொறியில் இருப்பதால், தேதி ஒரு குழிக்குள் கிடப்பது போலவும் தோன்றும்.

அடுத்த அடுக்கு ரோட்டர். கை அசையும்போது சுழன்று தானாகவே சுருள்வில்லை முறுக்கும் எடைத் தகடு இது. சாதாரண அமைப்பில் இது இயக்கப்பொறியின் முதுகுப்புறத்தில், எல்லாச் சக்கரங்களுக்கும் மேலே சுழல்கிறது. தினமும் கையால் சாவி கொடுக்கும் கடிகாரங்களில் இந்த அடுக்கே கிடையாது. பிரெடெரிக் பிகே நிறுவனத்தின் குரோனோகிராஃப் இயக்கப்பொறி இதைத் துல்லியமாகக் காட்டுகிறது: சாவி கொடுக்கும் 1180இன் தடிமன் 3.95 மி.மீ.; ரோட்டர் சேர்ந்த 1185இன் தடிமன் 5.5 மி.மீ.

முகப்பின் பக்கமும் இடம் தேவைப்படுகிறது. நடு அச்சில் மணிமுள், நிமிடமுள், நொடிமுள் என மூன்று முட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. சிறுவட்டங்களின் முட்கள் இவற்றுக்கும் கீழே, எதனோடும் உரசாமல் சுழல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி, அதிலும் முள் தொடாத இடைவெளி.

1969க்கு முன்னும் பின்னும்

தாத்தா காலத்துக் குரோனோகிராஃப்கள் மெலிந்தும் இன்றையவை தடித்தும் இருப்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. லாங்ஜீன் நிறுவனம் 1913இல் கைக்கடிகாரத்துக்கென்றே 13.33இசட் என்ற குரோனோகிராஃப் இயக்கப்பொறியைச் செய்தது. அதுமுதல் 1969 வரை விற்பனைக்கு வந்த எல்லாக் குரோனோகிராஃப்களும் கையால் சாவி கொடுக்க வேண்டியவையே. அவற்றின் இயக்கப்பொறிகள் 6 முதல் 7 மி.மீ. தடிமனுக்குள் அடங்கின, கூடுகளின் விட்டமும் பெரும்பாலும் 35 முதல் 38 மி.மீ.தான்.

1969இல் தானியங்கிக் குரோனோகிராஃபை முதலில் யார் தருவது என்ற போட்டி உச்சத்தை அடைந்தது. ஜெனித் நிறுவனம் ஜனவரியில் எல் பிரிமேரோவை அறிவித்தது. ஹாயர், பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன், டியூபுவா டெப்ரா ஆகியோரின் கூட்டணி மார்ச்சில் கேலிபர் 11ஐ வெளியிட்டது. ஜப்பானில் சீகோ நிறுவனம் அதே ஆண்டு 6139ஐ ஆரவாரமின்றி விற்பனைக்கே கொண்டுவந்தது. யார் முதல் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. தடிமனைப் பொறுத்தவரை வெற்றி ஜெனித்துக்கே: நொடிக்குப் பத்துத் துடிப்பு என்ற அதிவேகத்துடன் எல் பிரிமேரோ 6.5 மி.மீ.க்குள் அடங்கியது, கேலிபர் 11 7.7 மி.மீ.

பிறகு மின்கலக் கடிகாரங்களின் அலை வந்தது. ஜெனித்தின் அன்றைய உரிமையாளர்கள் இயந்திரக் கடிகாரத் தயாரிப்பை நிறுத்தச் சொன்னபோது, சார்ல் வெர்மோ என்ற தொழிலாளி எல் பிரிமேரோவின் வார்ப்புகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் தொழிற்சாலையின் பரணில் ஒளித்து வைத்தார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் அந்த மெல்லிய இயக்கப்பொறி மீண்டு வந்திருக்காது. 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸ் டேடோனாவுக்குள் ஓடியதும் அதன் மாற்றியமைக்கப்பட்ட வடிவமே.

வால்ஜூ 7750 வேறு நோக்கத்தில் பிறந்தது. 1970களின் முற்பகுதியில் எட்மோன் காப் என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். மலிவாகவும் பெரும் எண்ணிக்கையிலும் செய்யக்கூடியதாக, எளிதில் பழுது பார்க்கக்கூடியதாக, அடி தாங்குவதாக இருக்க வேண்டும் என்பது திட்டம். மெலிவு அதில் இல்லை. செலவு மிகுந்த தூண் சக்கரத்துக்குப் பதில் தட்டையான கேம் வைத்தார். ரோட்டர் ஒரு திசையில் மட்டும் சாவி ஏற்றும். மறுதிசையில் தடையின்றிச் சுழலும். கையை வேகமாக அசைத்தால் இந்த ரோட்டர் சுழலும் அதிர்வைத் தோலிலேயே உணரலாம். இயந்திரக் கடிகாரங்களுக்கு மீண்டும் மதிப்பு வந்தபோது, எண்ணற்ற நிறுவனங்கள் கையில் எடுத்தது இந்த உறுதியான 7.9 மி.மீ. இயக்கப்பொறியைத்தான். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் தானியங்கிக் குரோனோகிராஃப்கள் ஒன்றுபோல் தடித்திருப்பதற்கு முதற்காரணம் இது.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. மெலிவுக்கு எடுத்துக்காட்டாக மேலே சொன்ன பிரெடெரிக் பிகே 1185ஐ 1980களின் இறுதியில் உருவாக்கியவரும் இதே எட்மோன் காப் தான். தூண் சக்கரம், கார்களில் உள்ளதுபோல் தட்டுகள் மேலும் கீழுமாக அழுந்திப் பிடிக்கும் செங்குத்துக் கிளட்ச், முழு ரோட்டர் அனைத்தையும் அவர் 5.5 மி.மீ.க்குள் அடக்கிக் காட்டினார். 7750 தடித்துப் போனது திறமைக் குறைவால் அல்ல. கேட்கப்பட்டது வேறு என்பதால்.

கழித்தல் கணக்கு

இயக்கப்பொறியின் தடிமன் பாதிக் கதை மட்டுமே. மீதியைக் கூடு தீர்மானிக்கிறது. அறிவிக்கப்பட்ட மொத்தத் தடிமனிலிருந்து இயக்கப்பொறியின் தடிமனைக் கழித்தால், கண்ணாடி, முட்களுக்கான இடைவெளி, பின்மூடி ஆகியவற்றுக்காகச் சேர்க்கப்பட்டது எவ்வளவு என்று தெரியும். இரு எண்களும் பொதுவாகக் கிடைப்பவையே. இந்தச் சிறு கணக்கு, விளம்பர வாசகங்கள் சொல்லாத பலவற்றைச் சொல்லிவிடும்.

மெலிவுக்காகவே செய்யப்பட்டவற்றில் இந்த வேறுபாடு மூன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. 2015இல் வந்த பியாஜே ஆல்டிபிளானோ குரோனோகிராஃபின் மொத்தத் தடிமன் 8.24 மி.மீ.; உள்ளே இருக்கும் 883பி இயக்கப்பொறி 4.65 மி.மீ. வேறுபாடு 3.59. புல்காரி 2019இல் வெளியிட்ட ஆக்டோ ஃபினிசிமோ குரோனோகிராஃப் ஜிஎம்டி 6.9 மி.மீ.; அதன் பிவிஎல் 318 இயக்கப்பொறி 3.3 மி.மீ. வேறுபாடு 3.6. வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு வடிவங்கள். ஆனாலும் எண் ஏறத்தாழ ஒன்றே. கண்ணாடியும் மூடியும் அதற்குக் கீழே இறங்குவது மிகக் கடினம் என்பதையே இது காட்டுகிறது.

தினமும் கட்டத்தக்க உயர்தரக் கடிகாரங்களில் வேறுபாடு ஐந்தரை அளவுக்கு வருகிறது. ஓடமார் பிகேயின் ராயல் ஓக் குரோனோகிராஃப் நல்ல எடுத்துக்காட்டு. மேற்சொன்ன 1185ஐ அடிப்படையாகக் கொண்ட இயக்கப்பொறியுடன் 41 மி.மீ. விட்டத்தில் அது 11 மி.மீ. தடிமன் இருந்தது. 2022இல் அந்நிறுவனம் 6.8 மி.மீ. தடிமனுள்ள தன் சொந்த 4401 இயக்கப்பொறிக்கு மாறியதும், அதே விட்டத்தில் தடிமன் 12.4 மி.மீ. ஆயிற்று. சொந்தத் தயாரிப்பு என்பது விளம்பரத்தில் பெருமை. மெலிவை நாடுபவருக்குப் பழையதே மேல்.

பட்டேக் பிலிப் 5170இல் 5.35 மி.மீ. இயக்கப்பொறியும் 10.9 மி.மீ. கூடும் இருந்தன, அங்கும் வேறுபாடு ஐந்தரைதான். ஐந்தரைக்கு மேல் போகப்போக, தடிமனுக்குக் காரணம் இயக்கப்பொறியைவிடக் கூடு என்று கொள்ளலாம். அது எப்போதும் குறை ஆகாது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் நீரழுத்தம் தாங்க வேண்டிய கூட்டுக்குத் தடித்த கண்ணாடியும் மூடியும் தேவை.

‘சாவி கொடுப்பது என்றால் மெலிதாக இருக்கும்’ என்ற பொது நம்பிக்கையையும் இந்தக் கணக்கு சோதித்துவிடுகிறது. ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் ’57 தானியங்கியாக இருந்தபோது ஏறத்தாழ 16 மி.மீ. தடிமன் கொண்டிருந்தது. 2022இல் சாவி கொடுக்கும் இயக்கப்பொறியுடன் கூட்டையும் புதிதாக வடிவமைத்தபோது 13 மி.மீ.க்குள் வந்தது. ஹாமில்டனின் இன்ட்ரா-மேட்டிக் குரோனோகிராஃப் எச்சிலும் ரோட்டர் இல்லை; ஆனால் உயர்ந்த குவிந்த கண்ணாடியுடன் அது 14 மி.மீ.க்கு மேல் நிற்கிறது. ரோட்டரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. மிச்சமான இடத்தைக் கூட்டிலிருந்தும் குறைக்க வேண்டும்.

தயாரிப்பாளர்களில் சிலர் கண்ணாடியின் குவிவைச் சேர்க்காமல் தடிமனை அறிவிக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ‘கண்ணாடி நீங்கலாக’ என்ற சிறு குறிப்பு அடியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மணிக்கட்டில் தெரியும் தடிமன்

எண்ணில் தடித்திருந்தும் கையில் மெலிதாகத் தெரிவதற்கு மிகச் சிறந்த சான்று ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல். 1969இல் நிலவுக்குச் சென்ற அதே வகைக் கடிகாரம் இது. இதன் தடிமன் 13 மி.மீ.க்குச் சற்று மேல். அந்த அளவில் இதைத் தடித்த கடிகாரம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் கட்டிப் பார்ப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

தடிமன் எங்கெங்கே பகிரப்பட்டிருக்கிறது என்பதே காரணம். மேலே குவிந்த கண்ணாடியில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஒளி ஊடுருவும் பகுதி கண்ணுக்கு எடையாகத் தெரிவதில்லை. அதன் விளிம்பு தாழ்ந்திருப்பதால் சட்டைப் பட்டியும் வழுக்கி மேலேறுகிறது. கீழே பின்மூடி சற்றுப் புடைத்திருக்கிறது. அந்தப் பங்கு மணிக்கட்டின் சதையில் அமிழ்ந்துவிடும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது நடுக்கூட்டின் சுவர் மட்டுமே. ஸ்பீட்மாஸ்டரில் அந்தச் சுவர் குறுகியது. பட்டையைப் பிடிக்கும் கொம்புகளும் கீழ்நோக்கி வளைந்து, திருகிய பட்டைகளாக ஒளியைச் சிதறவிட்டு, சுவரை இன்னும் மெலிதாகக் காட்டுகின்றன. இதே 13 மி.மீ.யை நேர்ச்சுவர் கொண்ட உருளையாகச் செய்தால் கையில் ஒரு சம்புடத்தைக் கட்டியது போல் இருக்கும்.

ஆகவே பக்கவாட்டுப் படம் முகப்புப் படத்தைவிட அதிகம் சொல்லும். அதில் கண்ணாடி, சுவர், பின்மூடி மூன்றின் உயரத்தையும் ஒப்பிடலாம். கடிகாரம் கையில் கிடைத்தால் பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் வெர்னியர் அளவியே போதும். கீறல் விழாமல் இருக்க அளவியின் தாடைகளில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

பின்மூடியின் புடைப்புக்கு ஓர் எல்லை உண்டு. கொம்புகளின் நுனியைவிட மூடி கீழே இறங்கியிருந்தால், கடிகாரம் மூடியின் மேல் மட்டும் நின்று, பம்பரம் போல் இருபுறமும் ஆடும். சமதளமான மேசையில் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரியும்: கொம்புகள் மேசையைத் தொட்டால் கையிலும் அமரும், அந்தரத்தில் நின்றால் ஆடும்.

தடிமனை விட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எல் பிரிமேரோ இயக்கப்பொறியுடன் 38 மி.மீ. விட்டத்தில் வரும் ஜெனித் கடிகாரமும் 13 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான தடிமன் உடையதுதான்; ஆனால் 42 மி.மீ. கூட்டில் அதே தடிமன் பரந்து தெரியும். இதற்காகப் பெரிய விட்டத்தைத் தேடிப் போகவும் முடியாது. மணிக்கட்டின் மேற்புறம் ஓரளவுக்குத்தான் தட்டையாக இருக்கும். ஓர் அளவுகோலை மணிக்கட்டின் மேல் கிடத்தி அந்தத் தட்டைப் பகுதியை அளந்துகொண்டால், கொம்பு நுனியிலிருந்து எதிர்க்கொம்பு நுனி வரையிலான நீளம் அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்கலாம். அடங்காவிட்டால் கொம்புகள் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். கடிகாரமும் உயர்ந்து தெரியும். மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்கள் விட்டத்தைவிட இந்த நீளத்தைக் கவனிப்பது மேல்.

பட்டையும் இதில் சேரும். நேட்டோ பட்டை என்று விற்கப்படும் நைலான் துணி, கடிகாரத்தின் அடியில் ஒன்று அல்லது இரண்டு மடிப்பாகப் போகிறது. கடிகாரத்தை அது அந்த அளவுக்குத் தூக்கிவிடும். 12 மி.மீ. கடிகாரத்தைத் தேடித் தேடி வாங்கிவிட்டு இதன்மேல் ஏற்றுபவர்கள் பலர். இரு துண்டுகளாக வரும் மெல்லிய தோல் பட்டை அடியில் எதையும் சேர்ப்பதில்லை.

மெலிவுக்குக் கொடுக்கும் விலை

புல்காரி 3.3 மி.மீ.க்கு இறங்கியது ரோட்டரை இயக்கப்பொறியின் மேலிருந்து எடுத்து, அதன் ஓரத்தைச் சுற்றி வளையமாக ஓடவிட்டதால். வாஷரோன் கான்ஸ்டன்டின் 2015இல் செய்த 3500 இயக்கப்பொறியிலும் இதே உத்திதான். இரட்டை நொடிமுள் கொண்ட கடினமான வகையாக இருந்தும் அதன் தடிமன் 5.20 மி.மீ. இவற்றில் சக்கரங்கள் மெலிந்தவை, அச்சுகள் குட்டையானவை, இடைவெளிகள் மயிரிழை அளவானவை. இவற்றைப் பிரித்துச் சேர்க்க எல்லாப் பழுதுபார்ப்பவராலும் முடியாது; பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். விலையோ ஒரு காரின் விலைக்கு வந்துவிடும்.

நீர்புகாத் திறனும் குறையும். மேற்கண்ட பியாஜே, புல்காரி கடிகாரங்கள் 30 மீட்டர் என்ற குறிப்புடன் வந்தவை. 30 மீட்டர் என்றால் அந்த ஆழத்துக்கு நீந்தலாம் என்று பொருள் அல்ல. ஆய்வகத்தில் அசைவற்ற நிலையில் அந்த அழுத்தத்தைத் தாங்கியது என்பதே அதன் பொருள். கைகழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும். குளியலுக்கும் நீச்சலுக்கும் ஆகாது. குரோனோகிராஃபில் திருகுடன் இரண்டு பொத்தான் துளைகளும் இருப்பதால் நீர் புகும் வழிகளும் கூடுதல்.

தடிமனே குறை என்று எல்லோரும் கருதுவதும் இல்லை. ஜெர்மனியின் ஆ. லாங்கெ உண்ட் சோனே 1999இல் வெளியிட்ட டேட்டோகிராஃப் 39 மி.மீ. விட்டத்தில் 12.8 மி.மீ. தடிமன் கொண்டது, இயக்கப்பொறி மட்டும் 7.5 மி.மீ. பின்புறக் கண்ணாடி வழியே பார்த்தால் நெம்புகோல்களும் சக்கரங்களும் மாடி மாடியாக ஆழத்தில் இறங்குவது தெரியும். கடிகாரக் கலைஞர்கள் பலர் அதை நம் காலத்தின் மிக அழகிய குரோனோகிராஃப் என்று புகழ்வது அந்த ஆழத்துக்காகவே. தட்டையாக்கியிருந்தால் அந்தக் காட்சி இராது.

மெலிவு மட்டுமே வேண்டுமென்றால் மின்கலக் கடிகாரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஓசூரைத் தொழிற்களமாகக் கொண்ட டைட்டன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட எட்ஜ் கடிகாரத்தின் இயக்கப்பொறி 1.15 மி.மீ. தடிமன் மட்டுமே. ஆனால் அது நேரம் மட்டும் காட்டுவது. சுருள்வில்லும் துடிக்கும் சக்கரமும் அதில் இல்லை. இயந்திரக் குரோனோகிராஃபை அதனோடு ஒப்பிடுவது பொருந்தாது.

குறைந்த செலவில் கிடைப்பவை

கார் விலை கொடுக்காமல் மெல்லிய இயந்திரக் குரோனோகிராஃப் வேண்டுவோருக்கு முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று சீனாவின் தியான்ஜின் நகரில் தயாராகும் சீகல் எஸ்டி 19. 1960களின் தொடக்கத்தில் சீன விமானப்படைக்குக் கடிகாரம் செய்வதற்காக, சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 இயக்கப்பொறியைச் செய்யும் இயந்திரங்களை அந்நகரின் தொழிற்சாலை வாங்கியது. எஸ்டி 19 அதன் வழித்தோன்றல். சாவி கொடுப்பது, தூண் சக்கரம் உடையது, தடிமன் 6 மி.மீ. அளவில். 7750ஐவிட ஏறத்தாழ இரண்டு மி.மீ. மெலிந்த இதை, அதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே வாங்கலாம். ‘1963’ என்ற பெயரில் விற்கப்படும் கடிகாரங்களிலும், புதிதாகத் தோன்றிய சிறு நிறுவனங்கள் பலவற்றின் குரோனோகிராஃப்களிலும் இதுவே ஓடுகிறது. தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை என்ற குறை பரவலாகச் சொல்லப்படுவதால், இயக்கப்பொறியைச் சோதித்துச் சீரமைத்து விற்கும் நிறுவனத்திடம் வாங்குவதே வழக்கம்.

மற்றொன்று 1940 முதல் 1960கள் வரையிலான பழைய கடிகாரங்கள். வால்ஜூ 23, லேண்டெரான் 48 போன்ற சாவி கொடுக்கும் இயக்கப்பொறிகள் அக்காலத்தில் பல பெயர்களில் விற்ற கடிகாரங்களுக்குள் இருக்கின்றன. பெயர் புகழ் பெறாததாக இருந்தால் விலையும் குறையும். முகப்பு மெலிந்தது, கூடு மெலிந்தது, அளவும் சிறியது.

இவற்றை வாங்குவதில் கவனம் தேவை. நீர்புகாத் திறனை இவற்றில் எதிர்பார்க்கவே கூடாது. இருளில் ஒளிர அக்காலத்தில் ரேடியம் பூசினார்கள். ஒளி போய்விட்டாலும் கதிரியக்கம் போகவில்லை. ஆகவே பழைய கடிகாரத்தை வீட்டில் திறந்து முட்களைச் சுரண்டக் கூடாது. முகப்பு புதிதாகப் பளிச்சென்று இருந்தால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவது நல்லது. பழைய முகப்பை அழித்து மீண்டும் வண்ணம் அடித்து விற்கும் தொழில் இந்தியாவில் பெரிய அளவில் நடக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் தடித்திருப்பதும், சிறுவட்டங்களின் கோடுகள் வட்டத்தின் மையத்தை நோக்கிச் சரியாக அமையாமல் போவதும் அதன் அடையாளங்கள்.

விற்பவர் முன்னிலையிலேயே சிலவற்றைச் சோதிக்கலாம். சாவி முழுக்கக் கொடுத்து, குரோனோகிராஃபை ஓடவிட்டு, நிமிடம் எண்ணும் முள் அறுபதாவது நொடியில் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்திச் சுழிக்குத் திருப்பும்போது நொடிமுள் ஒவ்வொரு முறையும் 12க்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு முறை 12க்கு இப்பாலும் மறுமுறை அப்பாலும் நின்றால் இதயத் தகடோ சுத்தியலோ தேய்ந்திருக்கிறது, அல்லது முள் அச்சில் தளர்ந்திருக்கிறது. பழைய தகடுகள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. மாறாக, கண்ணாடியில் கீறல் இருப்பதைப் பார்த்து விலகிவிட வேண்டியதில்லை. அக்காலக் கண்ணாடி அக்ரிலிக்கால் ஆனது. மேலோட்டமான கீறல்களைப் பற்பசை தொட்ட துணியால் தேய்த்தே நீக்கிவிடலாம், உடைந்திருந்தாலும் சிறு செலவில் மாற்றிவிடலாம்.